அதைக் காயம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் இளம் டென்னிஸ் வீரர்களைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஈவா லிஸுக்கு மூன்றே வரி. 2025 ஆஸ்திரேலிய ஓபனில் வேறொருவர் விலகியதால் இடம் கிடைத்தது, நான்காவது சுற்றில் இகா ஸ்வியாடெக்கிடம் 6-0, 6-1 என்று தோற்றார், அடிக்கடி காயம் அடைவதால் சீராக ஆட முடியவில்லை. முதல் இரண்டும் சரி. மூன்றாவது வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அவருக்கு இருப்பது ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ். 2024-ல் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த மூட்டுகளையே தாக்குகிற வாத நோய் இது. முதுகெலும்பும் இடுப்பு மூட்டும்தான் அதிகம் அடிபடும். நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கும் இதே நோய்தான்.

சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். எழுந்தால் இடுப்பு பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும், நடமாடி வெந்நீர் விட்டுக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் இளகும். மெல்போர்னில் காலை 11 மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது நமக்கு 5.30. ஜனவரி மாதம் நான் டென்னிஸ் பார்க்கக் காரணமே இதுதான், அந்த நேரத்தில் வீட்டில் என்னையும் டி.வி.யையும் தவிர யாரும் விழித்திருப்பதில்லை.

யாரோ விலகியதால் இடம் கிடைத்தது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அது எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். லிஸ் மூன்றாவதில் தோற்றார். அப்படித் தோற்றவர்கள் 'லக்கி லூசர்' பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாராவது விலகுவார்களா என்று மைதானத்திலேயே காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அழைப்பே வராது. 13-ம் நிலை வீராங்கனை அன்னா கலின்ஸ்காயா உடல்நிலை சரியில்லாமல் கடைசி நேரத்தில் விலக, ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது லிஸுக்குச் சொன்னார்கள். போய் கிம்பெர்லி பிரெல்லை 6-2, 6-2 என்று ஜெயித்தார். அடுத்து வர்வரா கிராசேவாவை மூன்று செட்டில், அப்புறம் ஜாக்குலின் கிறிஸ்டியனை முதல் செட்டை விட்டுக்கொடுத்த பிறகு. ஆஸ்திரேலிய ஓபன் பெண்கள் பிரிவில் லக்கி லூசராக வந்து நான்காவது சுற்றைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். தகுதிச்சுற்றோடு போயிருந்தால் 72,000 ஆஸ்திரேலிய டாலர், கிடைத்ததோ 4,20,000. உலகத் தரவரிசையில் 128-ம் இடத்தில் இருந்தவர் முதல்முறையாக நூறுக்குள் வந்தார்.

வலி முற்றியபோது எனக்கு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டார், ரெண்டு நாளில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுவிட்டேன். போட்டி நாட்களில் லிஸால் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. ஊக்கமருந்து விதிப்படி அதற்குத் தடை, மருத்துவக் காரணம் காட்டித் தனி அனுமதி வாங்க வேண்டும். விமானத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவது எங்கள் இடுப்புக்கு எமன். அந்தப் பெண் வருஷம் முழுக்க அதைத்தான் செய்தாக வேண்டும். தரவரிசைப் புள்ளிகளோ 52 வாரத்தில் காலாவதி ஆகிவிடும். பல மாதங்கள் தொடர்ந்து ஆடாமல் இருப்பவருக்குப் பழைய தரவரிசையைக் கொண்டு திரும்பிவர வழி உண்டு. இரண்டு வாரம் வந்து, ஒரு மாதம் போய், மறுபடி வருகிற நோய்க்கு அந்தச் சலுகை இல்லை. சீராக ஆட முடியவில்லை என்று எழுதுமுன் இதையும் யோசித்திருக்கலாம். இத்தனைக்கும் 2025 இலையுதிர் காலத்தில் பெய்ஜிங்கில் விம்பிள்டன் முன்னாள் சாம்பியன் எலெனா ரைபாகினாவைத் தோற்கடித்துக் காலிறுதி வரை போனார், ஐம்பதுக்குள்ளும் வந்தார். உங்கள் மூன்று வரியில் அது இல்லை.

அதே கட்டுரையில் அலெக்சாண்டர் ஸ்வெரேவின் நீரிழிவு நோய் பற்றி ஒரு பத்தி இருந்தது. ரொம்ப சந்தோஷம். 2023 பிரெஞ்சு ஓபனில் ஆடுகளத்திலேயே இன்சுலின் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லப்போய் வந்த விவகாரத்தையும் நன்றாக எழுதியிருந்தீர்கள். ஸ்வெரேவ் ஹாம்பர்க்கில் பிறந்தவர். லிஸ் கீவ் நகரில் 2002-ல் பிறந்து, சின்னக் குழந்தையாக வந்து ஹாம்பர்க்கில் வளர்ந்தவர். இருவருக்கும் அப்பாதான் பயிற்சியாளர். ஒரே ஊர், ஒரே வளர்ப்பு. ஒருவரின் நோய்க்கு ஒரு பத்தி, இன்னொருவருக்குக் 'காயம்'. சர்க்கரை என்றால் எல்லோருக்கும் தெரியும், இது தெரியாது, அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தெரியாததால்தான் எழுதச் சொல்கிறேன். எனக்கு நோயின் பெயர் தெரியவே ஆறேழு வருஷம் ஆனது. அதுவரை தேய்மானம் என்றார்கள், டிஸ்க் என்றார்கள், பெல்ட் கட்டச் சொன்னார்கள். காலை முதல் பீரியடை மட்டும் மாற்றித் தரும்படி கேட்டதற்கு, "முதுகுவலி யாருக்குத்தான் இல்லை டீச்சர்" என்று எங்கள் நிர்வாகத்தில் பதில் வந்தது. மத்தியானம் நான் நன்றாக நடமாடுவதைப் பார்ப்பவர்களுக்குக் காலையில் சொன்னது நடிப்பாகத் தெரிகிறது. நோயின் குணமே அப்படி என்று விளக்கி மாளவில்லை.

உங்கள் நலவாழ்வு இணைப்பிதழில் வாதநோய் பற்றி ஒரு டாக்டர் எழுதியதை எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல கட்டுரை. ஆனால் அதை எங்களைப் போன்ற நோயாளிகள்தான் படிக்கிறோம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேப்பர் வந்ததும் முதலில் கை மாறுவது விளையாட்டுப் பக்கம். பீரியடு மாற்றித் தராதவர்களும் அதைத்தான் படிக்கிறார்கள்.

லிஸ் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றெல்லாம் கிளறச் சொல்லவில்லை, அது அவர் சொந்த விஷயம். அவர் விலகும் ஒவ்வொரு போட்டிக்கும் இதுதான் காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அவரே மூடி மறைக்காமல் சொன்ன பெயரை, அவரைப் பற்றி எழுதும்போது ஒரு தடவையாவது முழுசாகப் போடுங்கள். பெயர் நீளம்தான், ஒரு வரி கூடுதலாகப் பிடிக்கும். ஸ்கோரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியை,
நாகர்கோவில்.