ஜாவாவா, பைத்தானா?

அம்பத்தூர், சென்னை

அன்பு மகளுக்கு,

மிச்சிகனில் நீ வழிகாட்டும் பள்ளி ரோபோ அணிக்கு எந்த நிரல்மொழி ஏற்றது என்று ஞாயிறன்று கேட்டாய். தொலைபேசியில் சொல்லி முடியாததால் எழுதுகிறேன்.

எஃப்.ஆர்.சி. என்னும் உயர்நிலைப் பள்ளி ரோபோ போட்டியில் ஜாவா, சி பிளஸ் பிளஸ், லேப்வியூ ஆகியவற்றோடு 2024 முதல் பைத்தானும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்துவிட்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு விவாதம். வேகம் வேண்டும் என்று சி பிளஸ் பிளஸ்ஸுக்காக வாதாடும் அந்தக் கெட்டிக்காரப் பையனிடம் ஒன்று சொல். ரோபோவின் முதன்மை நிரல் வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 முறைதான் சுழல்கிறது. அதைவிட விரைவாக நடக்க வேண்டிய மோட்டார் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் மோட்டாரை இயக்கும் தனிச் சாதனமான மோட்டார் கன்ட்ரோலரே பார்த்துக்கொள்கிறது. அவன் பெருமைப்படும் வேகத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆனால் அந்த மொழியில், நினைவக முகவரியைச் சுட்டும் பாயிண்டரில் ஒரு பிழை போதும், ரோபோ களத்தின் நடுவில் நின்றுவிடும். லேப்வியூவில் நிரலைப் படமாக வரைவதால் இருவர் ஒரே கோப்பில் செய்த மாற்றங்களை இணைப்பது கடினம், அதை விட்டுவிடலாம்.

பைத்தானைப் பிள்ளைகள் விரைவில் கற்பார்கள் என்பது உண்மைதான். எனினும் ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தால், அந்த வரி ஓடும் வரை பைத்தான் வாய் திறக்காது. அந்த வரி முதன்முதலாக ஓடுவது போட்டிக் களத்திலாகவும் இருக்கலாம். ஜாவாவோ கம்பைல் செய்யும்போதே, அதாவது நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும்போதே, தடுத்துவிடும். சோதனை நிரல் எழுதினால் பைத்தானிலும் முன்பே பிடித்துவிடலாம் என்பாய். கல்லூரியில் நீயே அதை எழுதியதில்லை, மகளே.

1990களில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் இயந்திரத்துக்கு 8051 என்னும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லில், தரவெல்லாம் அதன் 128 பைட் தற்காலிக நினைவகத்துக்குள் அடங்குமாறு, இயந்திர மொழிக்கு மிக நெருக்கமான அசெம்பிளியில் நிரல் எழுதினேன். நிரலைப் பதிந்துவைக்க ரிச்சி தெருவில் வாங்கிய ஈப்ரோம் என்னும் நினைவகச் சில்லைப் புறஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்து அழித்து, மீண்டும் மீண்டும் பதிந்து, ஒரு பைட்டும் வீணாகாமல் செதுக்கியதில் எனக்குக் கர்வமே இருந்தது. உன் அத்தை திருமணத்துக்காக நான் மதுரைக்குச் சென்றிருந்த நான்கு நாளும் அந்த இயந்திரம் நின்றுகிடந்தது. மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஓர் எண், ஆனால் அது எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அங்கே ஒருவராலும் முடியவில்லை.

ஆகவே, அந்தப் பையன் காய்ச்சலில் படுத்த நாளில் மற்றவர்கள் திருத்தக்கூடிய மொழி எது என்று பார். அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. வரிசையின் கணினி அறிவியல் 'ஏ' பாடம் ஜாவாவில் நடப்பதால், என் சாய்வு ஜாவா பக்கமே. ஆனால் உன் பள்ளியில் அந்தப் பாடம் இல்லாமல், பிள்ளைகளில் பாதிப்பேர் ஏற்கெனவே பைத்தான் எழுதுகிறார்கள் என்றால், மேலே சொன்ன குறையோடும் பைத்தானையே எடுத்துக்கொள்.

அணியில் எத்தனை பேர் எதை எழுதுவார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா