பூஜ்ஜியம் வந்த அன்று

அன்புள்ள மீனா,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. மற்றபடி எல்லோரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. நீ கோபித்தது நியாயம்தான். இப்போதும் ஒரு விஷயம் உறுத்துவதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஒட்டுறவுப் பாடம், அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்பதை 'கெழு' என்ற ஒரே எண்ணில் சொல்கிற பாடம். "கெழு பூஜ்ஜியம் என்றால் இரண்டு மாறிகளுக்கும் தொடர்பு இல்லை" என்று வழக்கம்போலச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, −2, −1, 0, 1, 2 என்று எழுதி, எதிரே அவற்றின் வர்க்கங்களை எழுதினாள்: 4, 1, 0, 1, 4. கணக்குப் போட்டால் கெழு பூஜ்ஜியம். "ஒன்று தெரிந்தால் மற்றதை அப்படியே சொல்லிவிடலாமே, தொடர்பு இல்லையா?" என்றாள்.

இல்லாமல் என்ன! ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டுகிறோம். அவள் எழுதிய எண்களை வரைந்தால் வருகிற வளைவில் இடப்பாதி இறங்குகிறது, வலப்பாதி ஏறுகிறது. ஒன்றின் கழித்தலை மற்றதன் கூட்டல் தின்றுவிடுகிறது. புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டை எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்பது ஒன்றைத்தான் கெழு சொல்லும். அந்த 'நேர்க்கோடு' என்ற சொல்லை இத்தனை வருடம் விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மீனா. எத்தனை பேர் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போனார்களோ!

அன்று ராத்திரி, 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் கொடுத்த நான்கு எண் தொகுப்புகளையும் கையால் வரைந்தேன். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, கெழு ஏறக்குறைய 0.816. நான்குக்கும் இதேதான். வரைந்து பார்த்தால்? முதலாவதில், நாம் எதிர்பார்க்கிற மாதிரி கோட்டைச் சுற்றிச் சிதறல். இரண்டாவது அழகான வளைவு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் விலகிப்போய், 1 ஆக இருந்திருக்கவேண்டிய கெழுவை 0.816 ஆக்கிவிடுகிறது. நான்காவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்துப் புள்ளிகளுக்கு எக்ஸ் 8. ஒன்றுக்கு மட்டும் 19. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் எக்ஸ் மாறுவதே இல்லை, கெழுவைக் கணக்கிடவே முடியாது. இதை நம்பி யாராவது ஒரு முடிவு எடுத்தால்?

நீ சிரிப்பாய், "ராத்திரி முழுக்கப் புள்ளி வைத்தாயா?" என்று. வைத்தேன். சூத்திரத்தில் உன் கை வேகம் எனக்கு எப்போதுமே வராது. ஆனால் படம் போட உனக்குப் பொறுமை கிடையாது, ராணி அக்காவைக் கேட்டால் சொல்வாள்.

அடுத்த மாதம் உன் வகுப்பில் இதே பாடம் வருகிறது. முதல் நாள் கெழுவைத் தொடாதே. சிதறல் படம் மட்டும் போடச் சொல். அப்புறம் சூத்திரத்துக்குப் போகலாம்.

நாளைக்கு அந்தப் பெண்ணை அழைத்து, வகுப்புக்கு அவளையே விளக்கச் சொல்லப்போகிறேன். அந்தச் சிவப்பு அட்டை நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? ஒட்டுறவுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அன்றைக்கு நாம் என்ன எழுதிக்கொண்டோம் என்று பார்க்கவேண்டும்.

உன்,
சுமதி