கரை பசுமையானால் மட்டும் நைட்ரஜன் குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அடையாறு, கூவம் கரைச் சீரமைப்பு என்றாலே நடைபாதையும் மரக்கன்றுக் கணக்கும்தான் பேச்சாகிறது. ஆற்றில் கலக்கும் நைட்ரஜனைக் குறைப்பது நோக்கம் என்றால் பார்க்க வேண்டியது கரையின் அடிமண்ணை.

நீரில் கரைந்த நைட்ரஜனின் ஒரு வடிவமான நைட்ரேட்டை வாயுவாக மாற்றிக் காற்றில் விடுவது மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள். ஆக்சிஜன் புகாதபடி ஊறிக் கிடக்கும் மண், மட்கிய இலையும் வேரும், நீர் மெல்லக் கசிந்து போக அவகாசம் இவையெல்லாம் அவற்றுக்கு வேண்டும். செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் எழுப்பினால் அத்தனையும் போயிற்று. இடமுள்ள பகுதிகளிலாவது மூன்றடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற சரிவில் மண்கரை அமைத்து, மண் ஊறிக் கிடக்கும்படி கோடை நீர்மட்டத்தை ஒட்டி ஒரு தாழ்வான படி விடலாம்.

சென்னையில் இதற்கு முந்தைய சிக்கல் ஒன்று உண்டு. சாக்கடையில் வரும் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியா வடிவில் இருக்கும். அது முதலில் நைட்ரேட்டாக வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கறுத்துப்போன தண்ணீரில் அவ்வளவு ஆக்சிஜனுக்கு எங்கே போவது? கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பாதவரை அம்மோனியாவில் பெரும்பகுதி கடலுக்குத்தான் போகும்.

மழைநீர் வடிகால் குழாய்களும் கரையைத் துளைத்து நேராக ஆற்றில் கொட்டுகின்றன. அந்த நீர் கரைமண்ணைத் தொடுவதே இல்லை. குழாயைச் சற்று முன்பே நிறுத்தி, கரைக்கு இணையான ஆழமில்லாத வாய்க்காலில் பரவவிட வேண்டும். அதற்கு முன்னால் வண்டல் படிய ஒரு தொட்டி அவசியம். இல்லாவிட்டால் சில மழையிலேயே வாய்க்கால் தூர்ந்துவிடும்.

கரையோர நீரில் வளரும் சம்பும் கோரையும் உறிஞ்சும் நைட்ரஜன், அறுத்து அப்புறப்படுத்தினால்தான் கணக்கில் சேரும். விட்டால் அழுகி ஆற்றுக்கே திரும்பும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்ட், செப்டம்பரில் அறுத்தால் வெள்ளம் ஓடவும் வழி கிடைக்கும். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். தண்ணீருக்குள் அறுத்தால் கிழங்குக்குக் காற்றுப் போகாமல் சம்பு செத்துவிடும். (ஆகாயத்தாமரையை வாரி அதே கரையில் குவிப்பதும் வீண் வேலைதான்.) முகத்துவாரத்தின் உப்பு நீரில் சம்பு நிற்காது, அங்கே அலையாத்திதான் சரி.

ஒப்பந்தப் புள்ளியிலேயே ஆண்டுதோறும் அறுவடைக்கு நிதி ஒதுக்க வேண்டும். சீரமைத்த பகுதிக்கு மேலும் கீழும் அம்மோனியா, நைட்ரேட் இரண்டையும் மாதந்தோறும் அளக்க வேண்டும். நைட்ரேட்டை மட்டும் அளந்து ஆறு தேறிவிட்டதாக எழுதிவிடக் கூடாது. ஆக்சிஜன் செத்த ஆற்றில் நைட்ரேட் எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
நீரியல் பொறியாளர்கள் சிலர்,
சென்னை