ஆண்டறிக்கை: 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை

தலைவர் அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நரசிங்கம்பட்டி ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக மலைநடை, பறவைப் பதிவு என்றுதான் நம் அறிக்கை தொடங்கும். இந்த ஆண்டு அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. சங்க ஆண்டு பிறந்து ஐந்தே வாரத்தில், நவம்பர் 7 அன்று, நம் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் ஏல முடிவை மத்திய அரசு அறிவித்தது. ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போயிருந்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். 2022 நவம்பர் 22 அன்று தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியும் அதற்குள் இருந்தது. அந்தப் பல்லுயிர்த் தல அறிவிப்பு வந்த அன்று ஊரே கொண்டாடியது. இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

உறுப்பினர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்றாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். அந்தப் பல்லுயிர்த் தலத்தின் 193.215 ஹெக்டேருக்குள் 7 குன்றுகளும், ஏறத்தாழ 200 சுனைகளும், 72 நீர்நிலைகளும் இருப்பதாக அரசின் அறிவிப்பே சொல்கிறது. லகர் வல்லூறு, ராசாளிப் பருந்து, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் இங்கே வாழ்கின்றன. கழிஞ்சமலைக் குகையில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவனின் பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. மீனாட்சிபுரத்தில் உள்ள மாங்குளம் கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. இரண்டுமே 2,000 வருடங்களுக்கு மேற்பட்டவை. பாறையில் விழும் மழை சுனைக்கு வருகிறது, சுனை நிரம்பிக் கண்மாய்க்கு வருகிறது, கண்மாயிலிருந்து வயலுக்குப் போகிறது. இதில் எதை மட்டும் தனியாக வெட்டி எடுக்க முடியும்?

நவம்பர் 23 கிராம சபைகளில் சுரங்கம் வேண்டாம் என்று ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மான வாசகத்தில் சர்வே எண்களைச் சரிபார்க்க நம் உறுப்பினர்கள் உதவினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. அப்புறம் ஜனவரி 7. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை மக்கள் நடந்ததைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை, நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்த அக்காமார்களும், நூறு நாள் வேலைச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த அப்பத்தாக்களும்தான் அன்றைக்கு முன்னால் போனார்கள். சங்கம் என்ற முறையில் நாம் செய்தது தண்ணீர் கொடுத்ததும் துண்டறிக்கை அச்சடித்ததும் மட்டுமே.

ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்த ஒன்றை நம் சங்கப் பேரவை மறந்துவிடக் கூடாது. டிசம்பர் 24 அன்று மத்திய சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலம் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், அதை விலக்கி எல்லையை மறுபடி வரையலாமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. அப்படி நடந்திருந்தால் நரசிங்கம்பட்டிப் பெருமாள் மலைக்கும், வல்லாளபட்டி, கிடாரிப்பட்டிப் பக்கத்து நிலங்களுக்கும் என்ன பாதுகாப்பு? ஒரு கோட்டுக்கு உள்ளே இருப்பது பாரம்பரியம், வெளியே இருப்பது வெறும் புறம்போக்கு என்றாகிவிடும். என் கவலை முழுவதும் இந்தக் கோட்டைப் பற்றித்தான்.

ஏலம் ரத்தானதற்கு யார் காரணம் என்று கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பேசின. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது, அதை எல்லோரும் மதித்தீர்கள். நன்றி.

ரத்தானது ஓர் ஏலம்தான். 2023-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்திருக்கிறது. அது அப்படியே இருக்கிறது. போதாததற்கு இந்தச் செப்டம்பர் 8 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று குறிப்பாணை போட்டுவிட்டது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கு வேறொரு மலைக்கு இதே நிலை வந்தால், மைக்கைப் பிடித்து "வேண்டாம்" என்று சொல்லும் மேடைகூட அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காது.

மற்ற வேலைகள். ஏலச் செய்திக்குப் பிறகு மூன்று மாதம் மலைநடை நடக்கவில்லை. பிப்ரவரியில் மீண்டும் தொடங்கினோம். கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். கற்படுக்கைப் பாறையில் பெயர் கிறுக்கிய இருவரை ஊர் இளைஞர்களே பேசித் திருத்தினார்கள். எல்லைக்கல் காணாமல் போனதைப் பற்றி ஓர் அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தோம், பதில் இல்லை. மூன்றாவது மனு தயார். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயற்குழு மூன்று கோரிக்கைகளைப் பேரவை முன் வைக்கிறது. பல்லுயிர்த் தலத்தின் எல்லையைப் பெருமாள் மலை வரை விரிவாக்கும்படி அரசைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சுனையையும் அதன் ஊர்ப் பெயரோடும் சர்வே எண்ணோடும் ஊரின் உயிர்வளங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் வயதானவர்கள்தான், ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது. செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரும் தீர்மானத்தை அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊரும் கொண்டுவர நாம் உடன் நிற்க வேண்டும்.

பேரவை ஒப்புதல் தந்தால் சுனைப் பதிவு வரும் ஞாயிறே தொடங்கும். காலை 6 மணிக்கு ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் கூடுவோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மெதுவாக அழைத்து வாருங்கள், வண்டி ஏற்பாடு செய்திருக்கிறோம்.

செயலாளர்