டிராஃப்டுக்கு முன் போடும் வரிசை: தம்பிக்கு ஒரு கடிதம்

இண்டியானாபொலிஸ்,
அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மேப்பிள் இலைகள் சிவந்துவிட்டன, காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. இந்த மாநிலத்துக்குக் குளிர்காலம் என்றால் கூடைப்பந்துதான். நியூ காசில் என்று ஒரு சின்ன ஊர், அதன் பள்ளி அரங்கிலேயே 8,000 பேருக்கு மேல் உட்காரலாம். நவம்பர் முதல் வாரத்தில் கல்லூரி ஆட்டங்கள் தொடங்கும். அதற்குள்ளாகவே அடுத்த ஜூன் மாத என்.பி.ஏ. டிராஃப்டில் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி) யார் முதலில் போவான் என்று முடிவெட்டும் கடையில்கூடப் பேச்சு. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. டிபான்ட்சா, கான்சாஸின் டாரின் பீட்டர்சன், டியூக்கின் கேமரன் பூசர் என்று மூன்று பேர்கள் அடிபடுகின்றன. மூவரும் இன்னும் ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடவில்லை!

எதை வைத்து இப்படி வரிசை போடுகிறார்கள், நீ பயிற்சி கொடுக்கும் பையன்களைப் பார்க்கும்போது அதில் எது உதவும் என்று கேட்டிருந்தாய். விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஓர் ஆண்டும் ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பையன் 22 வயது ஆகும் ஆண்டில் பெயர் கொடுக்காமலே தகுதி பெறுவான், அதற்கு முன் வர விரும்பினால் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டு சுற்று, 60 இடம். முதல் நான்கு இடம் எந்த அணிகளுக்கு என்பதற்கு லாட்டரி, அதாவது குலுக்கல்: 14 பந்தில் 4 எடுக்கிறார்கள், 1,001 சேர்க்கைகள் வரும். 2019 முதல், முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கு 14 சதவீத வாய்ப்புதான். இந்த ஆண்டு 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸ் அணி ஜெயித்து, டியூக்கில் ஆடிய கூப்பர் ஃபிளாக்கை எடுத்துக்கொண்டது.

வரிசை போடுபவர்கள் கேட்கும் கேள்வி, "இன்று யார் நன்றாக ஆடுகிறான்?" என்பது அல்ல. "25 வயதில், இந்த லீகில், இவன் என்ன வேலை செய்வான்?" என்பதுதான். அதனால் கையில் கிடைக்கும் எந்த எண்ணையும் வயது, எதிராளி, பொறுப்பு மூன்றையும் வைத்துத் திருத்தாமல் அவர்கள் பயன்படுத்துவதில்லை. தப்பான வரிசைகளில் பெரும்பாலானவை இந்தத் திருத்தத்தைச் செய்யாததால் வந்தவை என்பது என் முடிவு.

வயதை மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். ஃபிளாக் பிறந்தது 2006 டிசம்பரில். டிராஃப்ட் இரவில் பதினெட்டரை வயது. டியூக்கில் ஆட்டத்துக்கு 19.2 புள்ளி, 7.5 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 4.2 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்) எடுத்ததை அந்த வயதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதே எண்ணை 22 வயது நான்காம் ஆண்டு மாணவன் எடுத்தால், தன்னைவிட மூன்று நான்கு வயது சின்னப் பையன்களைத் தோளால் தள்ளிவிட்டு எடுத்திருக்கலாம். என்.பி.ஏ.வில் அந்தத் தோள் பலம் எல்லோருக்கும் உண்டு.

அடுத்தது திறனளவு. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதை விட்டுவிடு. புள்ளியை, (ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி) என்பதன் இரண்டு மடங்கால் வகுத்துப் பார். ஃப்ரீ த்ரோ என்பது யாரும் தடுக்காமல் எறிய விடும் ஷாட். 16 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ எடுத்து 20 புள்ளி போட்டவனுக்கு 56 சதவீதம் வரும். 9 ஷாட், 6 ஃப்ரீ த்ரோவில் 16 புள்ளி போட்டவனுக்கு ஏறக்குறைய 69 சதவீதம். செய்தித்தாள் முதலாமவன் பேரைப் போடும், தேர்வாளர் இரண்டாமவன் வீடியோவைத் திறப்பார். ஆனால் அவன் பிறர் கொடுத்த பந்தை மட்டும் முடித்தானா, தானே உருவாக்கினானா என்றும் பார்க்க வேண்டும். சுமை ஏறினால் திறன் இறங்கும்.

தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டின் சதவீதத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு கல்லூரிப் பருவத்தில் ஒருவன் 100 முறை எறிந்து 35 போட்டால், அவனுடைய உண்மையான திறன் 25க்கும் 45க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், எண்ணிக்கை அவ்வளவு சிறியது. அதனால் ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும், எத்தனை முறை துணிந்து எறிகிறான் என்பதையும் கூடவே பார்க்கிறார்கள். கோட்டின் தூரமும் வேறு. கல்லூரியிலும் பன்னாட்டு ஆட்டத்திலும் வளைவில் சுமார் 6.75 மீட்டர், என்.பி.ஏ.வில் 7.24 மீட்டர். கால் கோட்டை ஒட்டி நிற்கிறதா, ஓரடி பின்னால் நிற்கிறதா என்று வீடியோவில் கவனி. டியூக்கின் கான் கனிப்பெல் பெரிய தாவல் இல்லாதவன். மூன்று புள்ளியில் 40 சதவீதத்துக்கு மேல், ஃப்ரீ த்ரோவில் 90க்கு மேல் போட்டான். நான்காவதாகப் போனான்.

ஐரோப்பாவிலிருந்து வருபவனை மதிப்பிடுவதுதான் கடினம், எனக்குப் பிடித்ததும் அதுதான். அங்கே 18 வயதுப் பையன் பெரியவர்களோடு ஆடுகிறான். பயிற்சியாளருக்கு அந்த வார வெற்றிதான் முக்கியம், பையனை வளர்ப்பது அவர் வேலை இல்லை. எனவே 15, 18 நிமிடம்தான் கிடைக்கும், பந்தும் கைக்கு அதிகம் வராது. எண்களை 40 நிமிடக் கணக்குக்கு மாற்றினால்தான் கல்லூரிப் பையனோடு ஒப்பிடலாம். ஆட்டமே வேறு என்பதையும் மறக்கக் கூடாது. பன்னாட்டு விதியில் உயரமான காவலன் கூடைக்கடியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் ஆளைக் காக்காமல் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் அபராதம். அங்கே அடைபட்டுக் கிடக்கும் பாதை இங்கே திறந்திருக்கும், பாஸ் கொடுக்கத் தெரிந்தவனுக்கு அது வரம். 2014இல் செர்பியாவிலிருந்து 41ஆவதாக எடுக்கப்பட்ட நிக்கோலா யோக்கிச் பிறகு மூன்று முறை லீகின் சிறந்த வீரர் ஆனார். லூக்கா டோன்சிச் 2018இல் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீகின் சிறந்த வீரர் விருதோடு வந்தும் மூன்றாவதாகத்தான் போனார். ஓட்டத்தையும் தாவலையும் பார்த்தவர்கள், முடிவெடுக்கும் வேகத்துக்கு அதே மதிப்பைத் தரவில்லை.

மே மாதம் சிகாகோவில் அளவெடுப்பு முகாம். காலணி இல்லாமல் உயரம், கைவிரிப்பு நீளம், கை தூக்கி நின்றால் எட்டும் உயரம், எடை, உள்ளங்கை, தாவல், ஓட்டம், ஷாட் பயிற்சி, விருப்பமுள்ளவர்களுக்கு ஐவர் ஆட்டம். உயரப் புளுகு இங்கேதான் உடையும். ரட்கர்ஸ் கல்லூரியில் 6 அடி 10 அங்குலம் என்று போட்டிருந்த ஏஸ் பெய்லி வெறுங்காலில் 6 அடி 7½ அங்குலம்தான். மாறாக, 2022இல் சாண்டா கிளாரா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த ஜேலன் வில்லியம்ஸ் 6 அடி 4½ அங்குல உயரத்துக்கு 7 அடி 2¼ அங்குலக் கைவிரிப்பு வைத்திருந்தான், 12ஆம் இடத்துக்கு ஏறினான். இந்த ஜூனில் எங்கள் ஊர் அணியான பேஸர்ஸை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் வென்ற ஒக்லஹோமா அணியின் தூண்களில் அவனும் ஒருவன். எங்கள் பேஸர்ஸ் அணியின் ஹாலிபர்டனும் 2020இல் 12ஆவதுதான். ஷாட் எறியும் விதம் விசித்திரம் என்று தயங்கினார்கள், அவன் எறிந்தது விழுந்துகொண்டேயிருந்ததற்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை. முகாம் எண்ணை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. பின்னாளில் லீகின் சிறந்த வீரரான கெவின் டுராண்ட் 2007 முகாமில் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்கவில்லை.

மருத்துவ அறிக்கை அணிகளுக்குத்தான் போகும், வெளியே வராது. 2018இல் மைக்கேல் போர்ட்டர் முதுகுக் கோளாறால் 14ஆம் இடம்வரை இறங்கினார். டிராஃப்ட் இரவில் ஒருவன் திடீரென்று சரிந்தால் முதலில் அதை நினை.

எல்லாம் சேர்ந்த பிறகு 1, 2, 3 என்று உடனே எண் போட மாட்டார்கள். முதலில் அடுக்கு: அணியைத் தாங்கக்கூடியவன், தொடக்க ஐவரில் நிற்பவன், மாற்றாக வந்து உதவுபவன், பந்தயம் கட்டிப் பார்க்க வேண்டியவன். 9ஆவதுக்கும் 14ஆவதுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் கிடையாது, 3ஆவதுக்கும் 6ஆவதுக்கும் இருக்கலாம். அணியின் தேவை அடுக்குக்குள் மட்டும் பேச வேண்டும், தேவைக்காக அடுக்குத் தாண்டுவது பெரும்பாலும் வருத்தத்தில்தான் முடியும். யார் சிறந்தவன் என்ற வரிசையும், எந்த அணி யாரை எடுக்கும் என்ற ஊகமும் தனித்தனி. இந்த ஆண்டு சீனாவின் யாங் ஹான்சன் 16ஆவதாகப் போனபோது ஊகப் பட்டியல்கள் பெரும்பாலும் திகைத்துப்போயின. ஓர் அணிக்குப் பிடித்தால் போதும்.

நம் நாட்டின் சத்னாம் சிங்கை நீ கேட்பாய் என்று தெரியும். 2015இல் 52ஆவதாக டாலஸ் எடுத்தது, இந்தியாவிலிருந்து முதல் ஆள். 7 அடிக்கு மேல் உயரம் இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் லீக் முழுதும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு நகர்ந்தது. பெரிய ஆளும் வெளியே வந்து, பந்தை ஓட்டிவரும் வேகமான சின்ன ஆட்டக்காரனைத் துரத்த வேண்டியதாயிற்று. என்.பி.ஏ. ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை.

உன் பையன்களில் மேலே போகக்கூடியவன் என்று நினைப்பவனை இப்படி அளந்து அனுப்பு. சுவரில் முதுகு ஒட்டி, குதிகால் தரையில், வெறுங்காலோடு உயரம். கைகளை நேராக விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி. ஒரு கை தூக்கி, தோளை உயர்த்தாமல், எட்டும் உயரம். ஐந்து நாளில், களைத்த பிறகு, நாளைக்கு 50 ஃப்ரீ த்ரோ எறியச் சொல்லி விழுந்ததை எழுது. மூன்று ஆட்டத்தை ஃபோனில் முழுதாகப் பிடி: நன்றாக ஆடியது, சொதப்பியது, அவனைவிட உயரமானவர்களோடு ஆடியது. பந்து அவன் கையில் இல்லாதபோதும் கேமரா அவன்மேலேயே இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல், தீபாவளிக்குப் பிறகு பேசுகிறேன். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை தீர்வதற்கு முன் வாங்கிவிடு.

அன்புடன்,
அண்ணன்