கற்பூரவல்லி கேட்டேன், வாழைக்கன்று வந்தது

அன்புள்ள சுமதி,

எட்டு மாசமாக நான் போன்கூடப் பண்ணாததற்குக் கோபம் எதுவும் காரணம் இல்லையடி. உன் வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கற்பூரவல்லிக் குச்சியைக் கொன்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பட்டாணி டீச்சர் என்னைத் தோட்டவேலையிலிருந்து நீக்கியதை எடுத்துவைத்துச் சிரிப்பாய் என்றுதான் வாய் திறக்கவில்லை. தினமும் ஒரு சொம்பு தண்ணீர். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைத்திருக்கிற செடிக்கு அது தாங்குமா? அடித்தண்டு கறுத்து அழுகிப்போயிற்று.

அப்புறம் ஒரு நர்சரிக்குப் போன் பண்ணிக் கற்பூரவல்லி ஒன்று வேண்டும் என்றேன். மறுநாள் இடுப்பு உயரத்துக்கு வாழைக்கன்றோடு ஒரு பையன் வாசலில் நிற்கிறான்! வாழையிலும் கற்பூரவல்லி உண்டே, எனக்குத்தான் உறைக்கவில்லை. மூன்றாம் மாடி பால்கனியில் வாழையை எங்கே வைப்பது? வாட்ச்மேன் பம்ப் ரூம் பக்கம் நட்டுவிட்டார்.

கடைசியில் கீழ்வீட்டு அக்கா இரண்டு குச்சி தந்தார். கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, செம்மண்ணில் பாதிக்கு மணல் கலந்து நட்டு, பத்து நாள் நிழலில் வைத்தேன். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். நுனியைக் கிள்ளக் கிள்ளப் புதராகிவிட்டது. ஓமம் இந்தச் செடியின் விதைதான் என்று இவர் இன்னும் சாதிக்கிறார். இரண்டிலும் தைமால் என்கிற வாசனைப்பொருள் இருப்பதால் வாசனை ஒன்றுபோல இருக்கிறது, அவ்வளவுதான். ஓமம் கொத்தமல்லி வகை, இது துளசி வகை. சொன்னால் கேட்டால்தானே! பஜ்ஜி போட்டால் மட்டும் வாய் மூடிவிடும். காம்போடு பறித்தால் மாவில் தோய்க்கச் சுலபம்.

இவ்வளவு வளவளப்பதே அடுத்ததைச் சொல்லத் தயங்கித்தான். பேரனுக்கு ஏழு மாசம். போன வாரம் சளி. நான் என்ன செய்தேன், இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்து, சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவினேன், நம் அம்மாக்கள் தடவியதுபோலவே. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு இளைப்பு, மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார், சொன்னேன். இலையைப் பற்றி அதிகம் பேசவில்லை, தேன் என்றதும் முகம் மாறிவிட்டது. தேனில் ஒரு கிருமியின் விதை இருக்கலாமாம், ஒரு வயசு ஆகாத குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தை உண்டாக்குமாம், கைகால் துவண்டு மூச்சே நின்றுபோகலாமாம். இந்த இளைப்பு அதனால் வந்ததில்லை, சளிதான் நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்றார். ஆனாலும் என் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது நன்றாக இருக்கிறான், தவழ்ந்துபோய்த் தொட்டி மண்ணைத் தின்னப் பார்க்கிறான். உன் பேத்திக்கு இன்னும் ஒரு வயசு ஆகவில்லையே? சம்பந்தியம்மாவிடம் தேன் விஷயத்தை இன்றைக்கே சொல்லிவிடு, தள்ளிப்போடாதே.

வாழை ஆறு இலை விட்டிருக்கிறது. தார் போட்டால் முதல் சீப்பு உனக்கு.

உன்,
மல்லிகா