மூல ஃபோல்டர்களை அழித்துவிட்டு ‘பேக்கப் வெற்றி’ என்று காட்டும் உங்கள் ஸ்கிரிப்ட் பற்றிய புகார்

அனுப்புநர்:
டிடிபி மைய உரிமையாளர்,
பாளையங்கோட்டை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பேக்கப் சேவைக்கு வருடச் சந்தா கட்டி வைத்திருக்கிற வாடிக்கையாளர் நான். போனில் சொன்னேன், மெயில் போட்டேன், வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன், நேரிலும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் புகார் எண் வருகிறது. மறுநாளே ‘தீர்க்கப்பட்டது’ என்று அதை மூடியும் விடுகிறீர்கள். என்ன தீர்ந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஆகவே எழுத்தில் தருகிறேன், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

விஷயம் இதுதான். வேலை முடிந்த ஃபோல்டர்களைச் சுருக்கி வெளி ஹார்ட்டிஸ்கில் போட்டுவிட்டு, மூலத்தை அழித்து இடத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லி உங்கள் ஆட்கள் என் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கமாண்டுகளின் பட்டியல்) அமைத்துக் கொடுத்தார்கள். மூலத்தை அது ஒழுங்காக அழித்தது. சுருக்குகிற வேலையை மட்டும் செய்யவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூட்டை எழுதி வைத்துவிட்டு ‘பேக்கப் வெற்றி’ என்று பச்சை எழுத்தில் காட்டியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. அங்கே கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஹார்ட்டிஸ்க் எல்லாவற்றையும் சேற்றோடு அள்ளினார். என் கடை மேட்டில் இருந்ததால் தப்பியது. அதைப் பார்த்துப் பயந்துதான் பேக்கப் வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் விற்பனைப் பிரதிநிதியும், “இனிமே எந்த வெள்ளம் வந்தாலும் உங்க டேட்டா பத்திரம் அண்ணாச்சி” என்று சொல்லித்தான் சந்தா வாங்கினார். வெள்ளம் விட்டுவைத்ததை உங்கள் ஸ்கிரிப்ட் கொண்டுபோய்விட்டது.

எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன். சித்திரையில் ஒரு கோயில் நிர்வாகி வந்தார். “போன வருஷ கொடை நோட்டீஸையே எடுங்க அண்ணாச்சி, வரிதாரர் பேர்ல நாலைஞ்சு மாத்தினா போதும்” என்றார். கொடை விழா நோட்டீஸ் என்றால் என்னவென்று சென்னையில் இருக்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை கொடுக்கிற ஊர் ஒவ்வொன்றிலும் நோட்டீஸ் அடிப்பார்கள். குடியழைப்பு எத்தனை மணிக்கு, வில்லிசை யாருடையது, மதியக்கொடை, சாமக்கொடை, எந்தக் குடும்பம் என்ன உபயம், எல்லாம் வரிசையாக வரும். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் ஓர் எழுத்து பிசகினாலும் ஊரில் பஞ்சாயத்து. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட வரிசை அது. அதை யாரும் மனப்பாடமாக வைத்திருக்க மாட்டார்கள். என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

பேக்கப்பைத் திறந்தேன். காலி. பக்கத்து ஃபைலைத் திறந்தேன். அதுவும் காலி. பட்டியலில் கண்ணை ஓட்டினால், பெரும்பாலானவை ஒரே அளவு: 1 கேபி, 1 கேபி, 1 கேபி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட ஆண்டுமலர் எல்லாம் 1 கேபி. அவற்றை வலது கிளிக் செய்து பார்த்தால் ஒவ்வொன்றும் 32 பைட். உங்கள் ஸ்கிரிப்ட் சுருக்குவதற்குப் பயன்படுத்துகிற செவன்-ஜிப் என்ற இலவச சாஃப்ட்வேரில், உள்ளே ஒரு ஃபைலும் இல்லாத ஆர்க்கைவ் (சுருக்கிய பொட்டலம்) ஒன்றின் அளவு அதுதான். தலைப்பு மட்டும் எழுதி மூடிய வெற்றுப் பொட்டலம்.

உங்கள் மாதாந்தர அறிக்கையில் “99 சதவீதம் இடம் மிச்சம்” என்று வாழ்த்து வேறு அனுப்பினீர்கள். என் ஃபோல்டர்களில் பாதிக்கு மேல் ஜேபெக் போட்டோக்கள். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஃபைல், அதை மறுபடி சுருக்கினால் பெரிதாக ஒன்றும் குறையாது. சுருக்கித் தருவதையே தொழிலாக வைத்திருக்கிற உங்களுக்கு இது தெரியும். 99 என்ற எண்ணைப் பார்த்ததுமே உங்கள் பக்கத்தில் யாராவது பதறியிருக்க வேண்டாமா?

பதறி போன் செய்தது நான்தான். அன்றைக்கு எடுத்த ஊழியரை என்னால் மறக்க முடியவில்லை. நான் முழுவதையும் சொல்லி முடிக்கிற வரை ஏதோ டைப் செய்துகொண்டே இருந்தார். அப்புறம், “ஃபோல்டருக்கு இங்கிலீஷ்ல பேர் வைங்க சார், தமிழ்ல வச்சா இப்படித்தான் ஆகும்” என்றார். ஏற்கெனவே ஒருமுறை அப்படிச் சொல்லி மெயின் ஃபோல்டரின் பெயரை மாற்ற வைத்தீர்கள், மாற்றினேன் என்றேன். “ஜிப் பண்ணத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு சார் கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்க? கல்யாணப் பத்திரிகைதானே, திரும்ப டைப் பண்ணிக்கோங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று நீங்களே ஆரம்பத்தில் அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நான் ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

தமிழில் பெயர் வைத்ததால் கெட்டது என்பதும் உண்மை இல்லை. இன்ஜினியரிங் படிக்கிற என் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கிற பேட்ச் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தான். பூட்டு, ரகசியம் ஒன்றும் அதில் இல்லை. முதலில் தமிழ்ப் பெயர் வைத்த மெயின் ஃபோல்டரை அது கண்டுபிடிக்காமல் போனதற்குக் காரணம், அந்தப் பேட்ச் ஃபைலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்துவிட்டு, அதே முறையில் படிக்கும்படி கமாண்ட் விண்டோவுக்குச் சொல்லாமல் விட்டது. ‘சிஎச்சிபி 65001’ என்று மேலே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அதற்காக என் ஃபோல்டர் பெயரை மாற்றச் சொன்னீர்கள்.

பெரிய தப்பு அடுத்த வரியில். “மாமா, இங்க பாருங்க” என்று காட்டினான். ஃபோல்டர் பெயரைச் செவன்-ஜிப்புக்குக் கொடுக்கிற இடத்தில் மேற்கோள் குறி போடவில்லை. பெயரில் இடைவெளி இருந்தால் அது துண்டு துண்டாகப் போய்ச் சேரும். ‘சீவலப்பேரி கொடை நோட்டீஸ்’ என்பது மூன்று தனித்தனிப் பெயராகிவிடும். மூன்றில் எதுவும் டிஸ்கில் கிடையாது. செவன்-ஜிப் தேடுகிறது, கிடைக்கவில்லை என்று எச்சரிக்கிறது, காலி ஆர்க்கைவை எழுதிவிட்டு 1 என்ற எக்ஸிட் கோடை (வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்ணை) திருப்பி அனுப்புகிறது. கல்யாண ஃபோல்டர்கள் இன்னும் மோசம். மாப்பிள்ளை பெயர், நடுவில் & குறி, பெண் பெயர் என்றுதான் எல்லாரும் வைப்பார்கள். மேற்கோளுக்கு வெளியே வந்தால் விண்டோஸுக்கு அந்தக் குறி அடுத்த கமாண்டின் தொடக்கம். பெண்ணின் பெயரைக் கமாண்டாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கமாண்ட் இல்லை என்று லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கும் ஃபைலில்) எழுதி வைத்திருக்கிறது. ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் அத்தனையும் முழுசாக இருக்கின்றன. தமிழ்ப் பெயர்தான். ஒன்றுகூடக் கெடவில்லை. அந்த ஊழியருக்கு இதைச் சொல்லுங்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும், மூலம் இருந்தால் மறுபடி சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் அதே வரியில் ஒற்றை & போட்டு, ஃபோல்டரை அழிக்கிற கமாண்டைச் சேர்த்திருக்கிறீர்கள். ஒற்றை & என்றால் முதல் வேலை உருப்பட்டதோ இல்லையோ இரண்டாவது நடக்கும். இரட்டை && போட்டிருந்தால், முதல் கமாண்ட் 0 என்று திருப்பித் தந்தால்தான் அடுத்தது ஓடும். ஒரே ஒரு எழுத்து! நெல் குதிருக்குள் போனதா என்று பாராமலே களத்தைக் கூட்டித் தள்ளிவிட்டீர்கள். அதிலும் அழிக்கிற கமாண்டில் மட்டும் மேற்கோள் குறி கச்சிதமாக இருக்கிறது. அதற்கு இடைவெளியும் தடையில்லை, & குறியும் தடையில்லை. கேட்காமல் அழி என்ற ஸ்விட்சும் போட்டிருக்கிறீர்கள். அப்படி அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

“அது செவன்-ஜிப் பிரச்சினை, ஃப்ரீ சாஃப்ட்வேர் அப்படித்தான் இருக்கும்” என்று உங்கள் மெயிலில் பதில் வந்தது. 1999 முதல் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒன்றின் மேல் பழியைப் போடாதீர்கள். செவன்-ஜிப் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறது. 0 என்றால் சரி, 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் பெரும்பிழை, 7 என்றால் கமாண்ட் தப்பு, 8 என்றால் மெமரி போதவில்லை, 255 என்றால் நடுவில் நிறுத்தப்பட்டது. எல்லாம் அதன் உதவிக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆர்க்கைவைச் சோதித்துப் பார்க்கத் தனி கமாண்டும் வைத்திருக்கிறது. அது 1 என்று கத்தியது, உங்கள் ஸ்கிரிப்ட் காதில் வாங்காமல் ‘வெற்றி’ என்று எழுதியது. உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மதுரைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். மெயிலில் “அருகிலுள்ள கிளையை அணுகவும்” என்று வந்ததால், சிபியுவைப் பெட்ஷீட்டில் சுற்றி, வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை பஸ் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டே மாட்டுத்தாவணி வரை வந்தேன். உங்கள் கிளையில் இருந்தவர் பெட்ஷீட்டைப் பிரிக்கக்கூட விடவில்லை. “இங்க சேல்ஸ் மட்டும்தான் சார், சர்வீஸ் எல்லாம் ரிமோட்ல” என்றார். அப்படியானால் ஏன் வரச் சொன்னீர்கள்? ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், அதற்கு நன்றி. திரும்பி வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. அன்றைக்கு வந்த ஆர்டரும் போயிற்று.

அதற்கு முன்னும் பின்னும் ஆன்டிவைரஸை எடுங்கள், விண்டோஸ் அப்டேட் போடுங்கள், கேபிளை மாற்றுங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். எல்லாம் செய்தேன். மேற்கோள் குறி இல்லாத வரிக்கும் கேபிளுக்கும் என்ன சம்பந்தம்?

நஷ்டத்துக்கு வருகிறேன். போனது வெறும் ஃபைல் இல்லை, என் ஆயுசு உழைப்பு. பத்து லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. ஆவணி முகூர்த்தத்துக்கு வழக்கமாக என்னிடம் வருகிறவர்கள், அக்காள் கல்யாணத்துக்கு அடித்த அதே மாதிரிதான் தங்கைக்கும் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். பாளையங்கோட்டையில் டிடிபி கடைக்கா பஞ்சம்? கோயில் நிர்வாகி முன்னால் தலைகுனிந்து நின்றேன். பழைய நோட்டீஸ் தாளை யார் வீட்டிலிருந்தோ தேடி எடுத்து வந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதிதாக அடித்துக் கொடுத்தேன். காசு வாங்க மனம் வரவில்லை.

ஐயா, சண்டை போட வேண்டும் என்று எழுதவில்லை. உங்கள் சேவையை நம்பி இன்னும் இரண்டு கடைக்காரர்களைச் சேர்த்துவிட்டவன் நான். அவர்கள் கம்ப்யூட்டரிலும் இதே ஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. உடனே நிறுத்துங்கள். என் விஷயத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எனக்கு வேண்டியவை: சந்தாப் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அழிந்த டிஸ்கை நல்ல ரெக்கவரி மையத்தில் கொடுத்து மீட்கிற செலவை நீங்கள் ஏற்க வேண்டும். அது அழிந்தது தெரிந்த நாளிலிருந்து அதில் நான் எதுவும் எழுதவில்லை, தனியே கழற்றி வைத்திருக்கிறேன். மீட்க முடியாததற்கு நஷ்டஈடு வேண்டும். அந்த ஊழியர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். சரிசெய்த ஸ்கிரிப்ட் வேண்டும்: மேற்கோள் குறியோடு, எக்ஸிட் கோடு பார்த்து, ஆர்க்கைவைச் சோதித்து, அது சரி என்று வந்த பிறகே அழிக்கிற மாதிரி.

கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். “நீங்க கமர்ஷியல் கஸ்டமர், கன்ஸ்யூமர் கோர்ட்டு உங்களுக்குச் செல்லாது” என்று உங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் மிரட்டிப் பார்த்தார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர் படிக்கட்டும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதிலேயே இருக்கிறது. என் கடையில் நான்தான் முதலாளி, நான்தான் ஆபரேட்டர். நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் சென்னை அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டிய தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, நான் அவ்வளவு காத்திருக்கப் போவதில்லை.

லாக் ஃபைலின் அச்சுப் பிரதி, 32 பைட் ஆர்க்கைவ்களின் பட்டியல், உங்கள் ‘99 சதவீதம்’ அறிக்கை, மதுரை பஸ் டிக்கெட் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஸ்கிரிப்டை எழுதியவரோ, அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரோ என்னை அழைத்தால் எந்த நேரத்திலும் பேசத் தயார். தயவுசெய்து இன்னொரு புகார் எண் மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை.